பதினெட்டு கிலோ

ஜனவரி 9

ஏய் மூட்டை, எப்படி இருக்கே?

அம்மா போனதுல இருந்து என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கே. உன் அண்ணி போன்ல இருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் வச்சுடறே. அதான் பேனாவை எடுத்தேன். கடையில பில் போடறதைத் தவிர நான் எதையும் எழுதி வருஷக்கணக்காச்சு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா பொறுத்துக்கோ.

விஷயத்துக்கு வரேன். எனக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. சத்தமில்லாம போயிருக்கு. கால் வீங்கினப்போ கடையில நின்னு நின்னு வீங்குதுன்னு நினைச்சேன். சோபா விக்கறவன் உக்கார நேரமில்லாம போய்ச் சேர்ந்தான்னு நாளைக்கு ஊர் சிரிக்கும். இப்ப வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே இழுத்து, மெஷின்ல அலசி, மறுபடி உள்ளே விடறாங்க. முடிஞ்சு எழுந்திருக்கும்போது பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கேன்.

கூடப் பிறந்தவங்க யாராவது ஒரு கிட்னி குடுத்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றார். உன் அண்ணிக்கு சர்க்கரை, அவளால முடியாது. பையன் நான் தரேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். அவனுக்கு இப்பத்தான் இருபத்திநாலு. இனிமேதான் வாழவே போறான். அவன் உடம்புல கத்தி வைக்க எனக்கு மனசு வரல. உனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே. புருஷன், பிள்ளைன்னு கேள்வி கேக்க ஆள் கிடையாது. வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை. நிதானமா யோசிச்சுப் பாரு.

பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதே.

அண்ணன்

பிப்ரவரி 2

அண்ணனுக்கு,

"உனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே"ங்கற வரியை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். எழுதிட்டு, வேண்டாம்னு அடிக்கப் பாத்திருக்கியோன்னு வெளிச்சத்துல பிடிச்சுக்கூடப் பாத்தேன். அடிக்கல.

ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துட்டு வந்தேன். ஏன் போனேன்னு கேக்காதே, எனக்கே தெரியாது. உனக்கும் எனக்கும் பொருந்துதாம்.

ஆனா டாக்டரம்மா என்னை எடை மெஷின்ல ஏத்திப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினாங்க. இந்த உடம்போட ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாம். எனக்கும் ஆபத்தாம், மிச்சம் இருக்கப் போற ஒரு கிட்னிக்கும் பாரமாம். "பதினெட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க"ன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. என்னைப் பாத்துப் பாத்து நீ சிரிச்ச சதைக்குள்ளதான் இப்ப உன் உயிர் மாட்டிக்கிட்டு இருக்கு.

சாப்பாடு பத்திச் சொல்ற பொண்ணு ஒருத்தி அங்கே இருக்கா. அவதான் வழி சொன்னா. மத்தியானம் பன்னெண்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் சாப்பிடலாம். மத்த பதினாறு மணி நேரமும் தண்ணி, இல்லைன்னா பாலும் சர்க்கரையும் இல்லாத காபி. பட்டினி இல்லையாம், வயித்துக்கு லீவு குடுக்கறதாம். சொல்ல நல்லாத்தான் இருக்கு. நான் பிஸ்கட் கம்பெனியில ருசி பாக்கற வேலையில இருக்கேன். காலை ஷிப்ட்ல ஓவன்ல இருந்து ஒவ்வொரு சுத்து இறங்கும்போதும் ஒண்ணு எடுத்துக் கடிச்சுப் பாக்கணும். இப்ப கடிச்சு, மென்னு, காகிதத்துல துப்பிடறேன். பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க.

ஒண்ணு தெளிவா இருக்கட்டும். எடையைக் குறைக்கறேன்னுதான் சொல்றேன். உனக்குத் தரேன்னு இன்னும் சொல்லல.

தங்கை

பிப்ரவரி 12

மகராசி!

உன் லெட்டரை அண்ணிக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். அவ அழுதா. நானும் கொஞ்சம். தரேன்னு சொல்லலைன்னு நீ முறுக்கிக்கறது எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல இருந்தே நீ முதல்ல மாட்டேன்னுதான் சொல்லுவே.

பதினெட்டு கிலோ உனக்கெல்லாம் ஒரு கணக்கா? ஒரு தொடை போனா முடிஞ்சது. கோவிச்சுக்காதே, தமாஷ். வாரா வாரம் எடை பாத்து எனக்கு எழுதணும். காலையில, வெறும் காலோட, கனமான துணி இல்லாம. புரியுதா? ராத்திரி எட்டு மணிக்கு மேல சமையல் ரூமைப் பூட்டி சாவியை யார்கிட்டயாவது குடுத்துடு.

என் கதையைக் கேளு. ஒரு நாளைக்கு எனக்கு மூணு டம்ளர் தண்ணிதான். குழம்பு, காபி எல்லாம் அதுக்குள்ள. நீயாவது இஷ்டத்துக்குத் தண்ணி குடிக்கலாம், கொடுத்து வச்சவ.

ஆனா உனக்கு வேலை பிஸ்கட்டுக்கு நடுவுல. அதுதான் எனக்குச் சரியாப் படல. அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். உன் நல்லதுக்குத்தான்.

அண்ணன்

பிப்ரவரி 27

எங்க பிஸ்கட் பாக்கெட் பின்னாடி ஒரு புகார் நம்பர் இருக்கும். பிஸ்கட்ல முடி இருந்தா, புழு இருந்தா கூப்பிடறதுக்கு. நீ அதுல கூப்பிட்டு என்னைப் பத்திப் புகார் பண்ணியிருக்கே.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "உங்க அண்ணன் பேசினார்ம்மா. நீங்க பிஸ்கட் திங்காம நாங்க பாத்துக்கணுமாம். தின்னா ஒரு உயிர் போயிடுமாம்"னார். அவருக்கு சிரிப்பை அடக்க முடியல. பாவம், இருமற மாதிரி நடிச்சார்.

என்னை ருசி பாக்கற மேஜையில இருந்து எடுத்து பாக்கிங்ல போட்டுட்டாங்க. ருசி பாக்கற வேலையைக் கத்துக்கிட்டு நிமிர எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப அட்டைப் பெட்டி மடிக்கறேன். நான் கொட்டாவி விட்டாக்கூட நாலு பேர் வாயைப் பாக்கறாங்க. ஒருத்தி, "எச்சில் முழுங்காதக்கா, அதுலயும் சர்க்கரை இருக்கு"ன்னா.

அன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு, உடைஞ்ச பிஸ்கட் கொட்டி வைக்கற டப்பா பக்கத்துல உக்காந்தேன். எல்லாரும் பாக்கப் பாக்கத் தின்னேன். குறைச்சதெல்லாம் அந்த வாரமே திரும்பி வந்துடுச்சு. உன் ஆயுசுல ஒரு மாசத்தை நான் தின்னுட்டேன்னு வச்சுக்கோ. நல்ல மொறுமொறுப்பு.

பழசை மனசுல வச்சுக்காதேன்னு எழுதினியே. எதை? அம்மாவை எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கு நான் வண்டியில ஏற காலைத் தூக்கி வச்சேன். "நீ அடுத்த வண்டியில வா மூட்டை, டயர் தாங்காது. அம்மா போய்ச் சேர வேண்டாமா"ன்னே. தூக்க வந்தவங்க சிரிச்சாங்க. உன் பையன்கூட குனிஞ்சுக்கிட்டான். அடுத்த வண்டி வரவே இல்லை. நான் நடந்து வந்து சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சு நீங்க கை கழுவிக்கிட்டு இருந்தீங்க.

எடை கேட்டிருந்தே. எழுத மாட்டேன்.

மார்ச் 11

தங்கச்சி,

கோவத்துல இருக்கே. சரி. திட்டு, வாங்கிக்கறேன்.

போன வாரம் வரைக்கும் பக்கத்து மெஷின்ல ஒரு ரிட்டயர்டு டிரைவர் படுப்பார். என்னை மாதிரியே வாயாடி. அவருக்கும் ஒரு தம்பி தரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், இன்னைக்கு, நாளைக்குன்னு. திங்கக்கிழமை போனா அந்தப் படுக்கையில வேற ஆள். நர்ஸ்கிட்ட கேட்டேன். "அவர் வரமாட்டார் சார்"னா. புது ஆளுக்கு விரிச்ச படுக்கை விரிப்புல மடிப்புகூடக் கலையல.

அம்மா விஷயம். அன்னைக்கு வண்டி சின்னது. துக்கத்துல ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நாலு பேர் சிரிச்சா அதுக்கு நான் என்ன பண்றது? இவ்வளவு நாளா அதையா தூக்கிக்கிட்டு இருக்கே? மன்னிச்சுக்கோன்னு எழுதச் சொன்னா எழுதறேன். மன்னிச்சுக்கோ. போதுமா?

எனக்கு பயமா இருக்கு. இதை அண்ணிகிட்டயும் சொல்ல முடியல, பையன்கிட்டயும் சொல்ல முடியல. ராத்திரி முழுக்க நாக்கு மேல் வாயில ஒட்டிக்குது. குழாய்ல சொட்டற சத்தம் கேட்டாலே அழுகை வருது.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

நாக்கு ஒட்டினா தண்ணியைக் குடிக்காதே. ஒரு டம்ளர் தண்ணியைச் சின்னச் சின்ன ஐஸ் கட்டியா உறைய வச்சு, ஒவ்வொண்ணா வாயில போட்டு அடக்கிக்கோ. ஒரு டம்ளர் சாயங்காலம் வரைக்கும் வரும். எங்க பாக்கிங்ல ஒருத்தியோட மாமியாருக்கு இதே வியாதி. அவ சொன்னா.

மறுபடி ஆரம்பிச்சுட்டேன். எட்டு கிலோ குறைஞ்சிருக்கு.

பசியைப் பத்தி உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். அது ஏறிக்கிட்டே போகாது. காலையில பத்து மணிக்கு வரும், கத்தும், குடலைப் பிடிச்சு முறுக்கும். அசையாம இருந்தா, கேக்க ஆளில்லாத குழந்தை மாதிரி தானே ஓய்ஞ்சு போயிடும். அதுக்கப்புறம் தலைக்குள்ள ஒரு தெளிவு வருது பாரு, எல்லாம் கூர்மையாத் தெரியும். நான் இத்தனை வருஷம் பசியில சாப்பிடவே இல்லைங்கறது அப்படி ஒரு நாள்தான் புரிஞ்சுது. யாராவது ஏதாவது சொல்லுவாங்க. உடனே வாயில எதையாவது போடுவேன். பதில் சொல்ல வேண்டியதில்லை பாரு.

பஸ்ல நேத்து என் பக்கத்துல ஒருத்தர் வந்து உக்காந்தார். வேற காலி சீட்டைத் தேடாம, நேரா வந்து. உனக்கு இது புரியாது.

ஐஸ் வச்சுப் பாத்துட்டு எழுது.

தங்கை

மே 4

தங்கச்சி,

ஐஸ் நல்லா வேலை செய்யுது. நீ நல்லா இருக்கணும்.

ஆனா வேகம் பத்தாது. கையில ஊசி குத்தற நரம்பு அடைச்சுக்குது. இன்னொரு இடத்துல வெட்டி வச்சிருக்காங்க. ஜூன் கடைசியில ஆபரேஷனுக்குத் தேதி தரலாம்னு டாக்டர் சொல்றார், அதுக்குள்ள நீ தயாரா இருந்தா. இல்லைன்னா எப்பவோ. பதினாறு மணி நேரம் இருக்கறவளுக்கு இருபத்திமூணு மணி நேரம் இருக்கறதா கஷ்டம்? ஒரே வேளை சாப்பிடு. நிறைய பேர் இருக்காங்களாம், போன்ல வீடியோ பாத்தேன். உன்கிட்ட சேமிப்புக்கா குறைச்சல்? அதையே உடம்பு தின்னுக்கும்.

கெஞ்சறேன்.

அண்ணன்

ஜூன் 10

அண்ணனுக்கு,

ஒரே வேளையா ஆக்கினேன். மூணு வாரம் ஓடிச்சு. போன வியாழக்கிழமை பெட்டி போற பெல்ட் மேலயே விழுந்துட்டேன். பெல்ட்டை நிறுத்தறதுக்குள்ள பெட்டியோட பெட்டியா கொஞ்ச தூரம் போயிருக்கேன். முழிச்சுப் பாத்தா மோவாய்ல ரெண்டு தையல். சீப்புல கொத்து கொத்தா முடி வருது. டாக்டரம்மா, "யார் உங்களை இப்படிப் பட்டினி கிடக்கச் சொன்னது?"ன்னு சத்தம் போட்டாங்க. நானாத்தான்னு சொன்னேன். உன்னைக் காட்டிக் குடுக்கல. மறுபடி பதினாறுக்கே வரச் சொல்லிட்டாங்க.

இன்னும் ரெண்டு கிலோ பாக்கி. 24ஆம் தேதி கடைசி டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள போயிடும்.

வரேன். தரேன். முதல் தடவையா எழுதறேன், நல்லா வாசிச்சுக்கோ.

தங்கை

ஜூன் 26

என் தங்கமே!

ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லை, சந்தோஷத்துல. ஆஸ்பத்திரி வராந்தாவுல யாரோ ஒரு பொம்பளை வராளேன்னு நான் பாட்டுக்கு உன்னைத் தாண்டி வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அண்ணி என் தோளைத் தட்டி, "உங்க தங்கச்சிங்க!"ன்னா. எங்கேடி போச்சு அவ்வளவும்?

டயாலிசிஸ் ரூம்ல எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேச்சு. நான்தான் உன்னை இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேனே. "இவளை இப்படி ஆக்கினது நான். கிட்னி போனது எனக்கு, அழகானது இவ"ன்னு சொன்னப்போ அந்தப் புது ஆள்கூட சிரிச்சார். நான் சும்மா சொல்லல. சின்ன வயசுல இருந்து நான் சொல்லாத பேச்சா? அப்பவே கேட்டிருந்தா உனக்கும் ஒரு குடும்பம் அமைஞ்சிருக்கும். போகட்டும். அம்மா இருந்து பாத்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா!

தனியா கூப்பிட்டு ஏதோ பேசினாங்களாமே, எல்லாருக்கும் அப்படித்தானாம். என்ன தேதின்னு சொன்னாங்க? எங்களுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல.

அண்ணன்

ஜூலை 1

அண்ணனுக்கு,

தனியா என்ன பேசினாங்கன்னு கேட்டிருந்தே. சொல்றேன்.

சின்ன ரூம். வயசான ஒரு அம்மா. டாக்டர் இல்லை, குடுக்கறவங்ககிட்ட மனசு விட்டுப் பேசறதுக்குன்னே இருக்கறவங்க. "உங்களை யாராவது வற்புறுத்தறாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். "வேண்டாம்னு தோணினா இப்பக்கூடச் சொல்லலாம். உங்க அண்ணன்கிட்ட 'உங்க தங்கச்சி உடம்பு ஒத்துவரல'ன்னு மட்டும்தான் சொல்வோம். நீங்க மாட்டேன்னதா யாருக்கும் தெரியாது"ன்னாங்க.

அப்போ கதவுக்கு வெளியே நீ பேசிக்கிட்டு இருந்தே. "அம்மா பாத்திருந்தா"ன்னு நீ சொன்னது உள்ளே கேட்டுச்சு. அதுக்கும் யாரோ சிரிச்சாங்க.

மாட்டேன்னு சொன்னேன். அந்தம்மா தலையை ஆட்டி ஏதோ எழுதப் போனாங்க. நான்தான் தடுத்தேன். "பொய் சொல்லாதீங்க. அவன்கிட்ட நானே சொல்லிக்கறேன்"னேன்.

அதான் எழுதறேன். எல்லா டெஸ்டும் நல்லா இருக்கு. எடை சரி. ரெண்டு கிட்னியும் பிரமாதமா இருக்காம், இருபது வயசுப் பொண்ணுக்கு இருக்கற மாதிரி. உனக்குப் பொருந்துது. நான் தரமாட்டேன்.

உடம்பு ஒத்துவராம இல்லை. மனசு ஒத்துவரல. இதை நீ நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அந்த மெஷின்ல படுக்கணும்.

மூட்டை

ஜூலை 20

உன் லெட்டரை நான் யாருக்கும் காட்டல.

முதல்ல உன்னைச் சபிச்சு நாலு பக்கம் எழுதினேன். கிழிச்சேன். அப்புறம் கெஞ்சி எழுதினேன். அதையும் கிழிச்சேன். ஒரு வாரம் நான் பேசலைன்னதும் அண்ணி பயந்துட்டா. "என்னங்க ஆச்சு? என்ன சொல்றா உங்க தங்கச்சி?"ன்னு பிடிச்சு உலுக்கினா. கூடப் பிறந்தவ என்னைப் பாத்து மாட்டேன்னுட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வரல. எவ்வளவு பேருக்கு எத்தனை கதை சொல்லி வித்திருக்கேன், இதைச் சொல்ல வரல.

"அவளுக்கே கிட்னியில கோளாறாம். கடைசி டெஸ்ட்லதான் தெரிஞ்சிருக்கு"ன்னு சொல்லிட்டேன். அண்ணி ஓன்னு அழுதா. எனக்காக இல்லை, உனக்காக. "பாவம், அந்தப் பட்டினி கிடந்துதான் கெட்டுப் போயிருக்கும், உங்களாலதான்"னு என்னைத்தான் திட்டறா.

பையன் இன்னைக்கு டெஸ்டுக்குப் போயிருக்கான். அவனுக்குப் பொருந்தும்னுதான் தோணுது. அவனை வேண்டாம்னு சொல்ல எனக்கு இப்ப தைரியம் இல்லை. எனக்கு வாழணும். எழுதவே வெக்கமா இருக்கு, ஆனா வாழணும்.

இனி எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

நவம்பர் 3

அண்ணனுக்கு,

எழுதாதேன்னு சொன்னே. எழுத வேண்டி வந்துடுச்சு.

நேத்து உன் பையன் என் வீட்டுக்கு வந்தான். ஆபரேஷன் ஆகி மூணு மாசத்துக்குள்ள, ரெண்டு பஸ் மாறி, தனியா. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்னான். உன் கடைத் தலையணை ரெண்டு கொண்டு வந்திருந்தான். நீ நல்லா இருக்கியாம். பாட்டில் பாட்டிலாத் தண்ணி குடிக்கறியாம். கடையில உக்காந்துக்கிட்டு எல்லாரையும் விரட்டறியாம்.

சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். நான் கேக்கல, அவனாத்தான் காட்டினான். ஒரு ஜாண் இருக்கும். இன்னும் சிவப்பு மாறல. இருமினா கையை வச்சு அமுக்கிக்கறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"அத்தை, அப்பாவுக்காகப் பட்டினி கிடந்துதானே உங்களுக்கு இப்படி ஆச்சு? அம்மா சொன்னாங்க"ன்னான். "பாட்டியைக் கொண்டுபோன அன்னைக்கு நான் குனிஞ்சு சிரிச்சேன். அது எனக்கு மறக்கவே இல்லை"ன்னான். அப்புறம், "என்கிட்ட இருந்த ஒண்ணை அப்பாவுக்குக் குடுத்துட்டேன். இன்னொண்ணு குடுக்கற மாதிரி இருந்தா உங்களுக்குத்தான் குடுத்திருப்பேன்"னு சொல்லி சிரிச்சான். உன்னை மாதிரியே சிரிக்கறான். ஆனா கண் கலங்கியிருந்தது.

உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். உன்கிட்ட அவ்வளவு நேரா எழுதினவ நான். "மாத்திரை சாப்பிடறீங்களா அத்தை?"ன்னு கேட்டான். சாப்பிடறேன்னேன். "என்ன மாத்திரை?"ன்னான். வெள்ளையா இருக்கும்னு சொன்னேன்.

அவனுக்கு அது போதல. அவனைப் பாக்கற டாக்டர்கிட்டயே எனக்கு நேரம் வாங்கி வச்சிருக்கான். வர்ற வியாழக்கிழமை. முதல்ல இருந்து எல்லா டெஸ்டும் எடுக்கணுமாம், அவன்கிட்ட பழைய ரிப்போர்ட் இல்லையாம். ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிடறேன்னும் சொல்றான். வேண்டாம்டான்னேன். கேக்க மாட்டேங்கறான். உங்களுக்குன்னு யார் இருக்கா, நான்தானே பாக்கணும்னு சொல்றான்.

அவனைத் தடுத்து நிறுத்து அண்ணா. ஏதாவது பொய் சொல்லு, உனக்கு வரும். நான் செத்துட்டேன்னு வேணும்னாலும் சொல்லு. எனக்கு அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வரல.

காலையில ஏழு மணிக்கே டாக்ஸியோட வந்து நிப்பானாம். படியிறங்கும்போது திரும்பிப் பாத்துச் சொல்லிட்டுப் போனான், "முந்தின நாள் ராத்திரியோட சாப்பாட்டை நிறுத்திடுங்க அத்தை. வெறும் வயித்தோட வரணும்."